ஐம்பது மில்லி

ஐம்பது சிசி என்றால் ஐம்பது மில்லி.
இருமல் மருந்துப் புட்டியில் பாதி.
அதற்குள் நொடிக்கு இருநூறு முறை
தீப்பிடிக்க வேண்டும்.
பிடிக்கிறது.

ஃப்ரீஸ்லாந்தில் குன்று கிடையாது, காற்றுதான் எங்கள் ஏற்றம்.
வாய்க்கால் நேர், சாலை நேர்.
எதிர்க்காற்று கிளம்பினால்
ஆறாவது கியரைத் துப்பிவிடும் எஞ்சின்,
கசப்பு மருந்தைக் குழந்தை துப்புவதுபோல.

என் பெயர் பௌக்யா. பால் ஆலையில் இரவு ஷிஃப்ட்.
ஓட்டுபவன் ஹில்கே, தபால்காரன்.
ஐம்பத்து நான்கு கிலோ,
பந்தய வாரத்தில் ஐம்பத்து இரண்டு.
காசு கொடுத்து வாங்க முடியாத குதிரைத்திறனை
அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எடுத்தோம்.

கிரேங்க் கேஸ், கால்வாயில் விழுந்த மொபெட்டுடையது;
உள்ளே நத்தை இருந்தது.
பல் வைத்தியர் கழித்துப்போட்ட துரப்பணத்தால்
புகை வெளியேறும் துளையின் நெற்றியை
அரை மில்லிமீட்டர் உயர்த்தினேன், மூன்று இரவுகளில்.
இரும்புக்கு அழிரப்பர் கிடையாது.
சுருட்டும் தாள் ஒன்றைப் பாயின்ட்டுக்கு நடுவே வைத்து
மெல்ல இழுப்பேன்; தாள் நழுவும் கணம்தான் பொறியின் நேரம்.
சைலன்சர், ஆலைக் குப்பையின் ஸ்டெயின்லெஸ் தகடு,
கூம்பு கூம்பாக வெட்டி ஒட்டியது:
ஆட்டை விழுங்கிய பாம்பு.
முதல் முறை சூடேறியபோது பால் பொங்கிய நாற்றம்.

எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் வேண்டும்.
மருந்துக் கடைக்காரர் இரண்டு லிட்டரை மேசைமேல் வைத்து
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"வீட்டில் யாருக்கு இவ்வளவு சிரமம்?"

ஆகஸ்ட். துறைமுக ஊர்த் தெருக்களில் பந்தயம்.
விளக்குக் கம்பங்களுக்கு வைக்கோல் கட்டியிருந்தார்கள்.
காலை முழுக்கத் தூறல், மதியம் விட்டது.
காற்று குளிர்ந்து கனத்தது.
கனத்த காற்றுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டும்,
அதற்குத் தொண்ணூற்றாறு ஜெட் வேண்டும்.
கையில் இருந்தது தொண்ணூற்று நான்கு.
கம்பித் தூரிகையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி
ஜெட்டின் கண்ணுக்குள் விட்டுத் திருகினேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவது திருகலை இன்றைக்கும் விரல் மறக்கவில்லை.

பிறகு, பாருங்கள், பறந்தான்!
இரண்டாயிரம் கில்டர் ஜெர்மன் எஞ்சின்களை
மீன் சந்தை வளைவில் ஒன்று, பாலத்தில் இரண்டு என்று தாண்டினான்.
ஆறாம் சுற்றில் நான்காவது இடம்.
ஏழாம் சுற்றில் எஞ்சின் சத்தம்
அரை சுரம் மேலே போயிற்று.
யாரும் கவனிக்கவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது.
பட்டினி கிடக்கும் எஞ்சின் அப்படித்தான் பாடும்,
பிடித்து இறுகுவதற்குச் சற்று முன்பு.

கிளட்சைப் பிடித்துவிட்டான், பல் தப்பியது.
மிச்சத் தூரம் தள்ளினான்.
தபால்காரனுக்கு நடை புதிதா என்ன.
பதினேழாவது. பத்தொன்பதில்.

கழற்றும்போது பேசவில்லை நாங்கள்.
என் மூன்றாவது திருகல்தான் என்று எனக்கு நிச்சயம்,
அவனுக்கும் நிச்சயம்; அதனால்தான்
தேவைக்கு மேல் மென்மையாக ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான்.
பிஸ்டனின் பக்கமெல்லாம் பூனை கீறியதுபோல்.
பெட்ரோல் குழாயை இழுத்தேன், வரவில்லை.
கத்தியால் வெட்டினேன்.
உப்பியிருந்தது, உள்ளே ஊசி போகாத துளை.

பால் குழாய் அது.
ஆலையில் இலவசமாகக் கிடைத்த ஒரு முழம்.
பாலைத் தாங்கும், பெட்ரோலைத் தாங்காது.
கடையில் நாற்பது சென்ட்.
மிச்சம் பிடித்தவள் நான்.

ஜெட் சரியாகத்தான் இருந்திருக்கிறது.
இதைச் சொல்லிச் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை,
பிறகு வேனில் முப்பது கிலோமீட்டர் தாண்டி
திடீரென்று சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை, மின்கட்டண பில்லோடு ஓர் உறை.
உள்ளே கறுப்பு ரப்பர் குழாய், ஒரு முழம்.
கடிதம் இல்லை.
தபால் தலையும் இல்லை.